பழைய கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகம்: இலச்சினை முதலிலா, வழிகாட்டு பலகைகள் முதலிலா?

கோட்டோவியம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

மாளிகையாகக் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட ஒரு கட்டடத்துக்குப் புதிய காட்சி அடையாளத்தையும், உள்ளே வருவோர்க்கான வழிகாட்டு பலகைகளையும் வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் சிறிய குழுவுக்கு வந்திருக்கிறது. நூல், இதழ், சுவரொட்டி ஆகியவற்றில் எங்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் மனிதர்களை வழிநடத்தும் பணி எங்களுக்குப் புதிது என்பதால், இத்துறையில் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கட்டடம் மூன்று வெவ்வேறு காலங்களில் எழுந்த மூன்று பகுதிகளைக் கொண்டது. அவற்றின் தளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு பகுதியின் முதல் தளத்திலிருந்து அடுத்த பகுதிக்குச் செல்லச் சில படிகள் இறங்க வேண்டியிருக்கிறது, அங்கே அதுவே இரண்டாம் தளம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கூடங்களில் சில நன்கொடையாளர் பெயராலும், சில உள்ளே உள்ள பொருள்களாலும், மற்றவை வெறும் எண்ணாலும் அழைக்கப்படுகின்றன. சில கூடங்கள் மூடப்பட்டுவிட்டதால் எண்களும் இடையிடையே தாவுகின்றன. வந்தவர்கள் பாதி வழியில் நின்று காவலரிடம் கேட்பதை ஒவ்வொரு கூடத்திலும் காண முடிகிறது.

நிர்வாகத்தின் விருப்பம் முதலில் இலச்சினை, அதன்பின் அதன் நிறத்தையும் எழுத்துருவையும் கொண்டு பலகைகள் என்பதாக இருக்கிறது. இந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துப் பேசுவதற்குத் தேவையான வாதம் என் கையில் இல்லை. மேலும் மூன்று பகுதிகளுக்கும் மூன்று நிறங்கள் கொடுப்பது போதுமா, தமிழும் ரோமன் எழுத்தும் சேர்ந்து வரும் பலகைகளுக்கு எழுத்துருவை எப்படித் தேர்வது, சுண்ணாம்புப் பூச்சும் கல்லுமாக உள்ள சுவர்களில் துளையிடக் கூடாது என்னும்போது பலகைகளை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளும் உள்ளன.

திசைமானி

உங்கள் ஐயம் நியாயமானது. நிர்வாகங்கள் இலச்சினையை முதலில் கேட்பதற்குக் காரணம், அதை ஒரு தாளில் காட்டி ஒப்புதல் பெற முடியும் என்பதுதான். வழிகாட்டு முறைமையை அப்படிக் காட்ட முடியாது. ஆனால் நீங்கள் விவரிக்கும் கட்டடத்தில் கடினமான வேலை முழுவதும் பெயர், எண், வரிசை ஆகிய மூன்றில் அடங்கியிருக்கிறது. எந்தக் கூடத்தை எப்படி அழைப்பது என்று முடிவாகாத நிலையில் வரையப்படும் இலச்சினை கடிதத் தாளில் நன்றாக அமையலாம், ஆனால் முதல் படிக்கட்டின் அடியில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று விழிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே பெயரிடலை முதலில் முடியுங்கள். அதிலிருந்து பிறக்கும் வடிவத்தையே இலச்சினைக்கும் பலகைக்கும் பொதுவான மூலமாகக் கொள்ளலாம்.

பெயரிடலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் கொள்கை ஒன்று உண்டு: பகுதிகளின் பெயர் இடத்தைச் சார்ந்திருக்க வேண்டும், பொருள்களைச் சார்ந்திருக்கக் கூடாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் இதற்குத் தெளிவான சான்று. ஐ. எம். பேய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறக்கப்பட்டபின், வருவோரில் பெரும்பாலோர் அதன் அடியிலுள்ள ஒரே மண்டபத்தில் இறங்குகிறார்கள். அங்கிருந்து டெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்ற மூன்று திசைகளில் பிரிகிறார்கள். இவை மனிதர்களின் பெயர்கள். எந்த ஓவியம் எந்தப் பகுதிக்கு இடம் மாறினாலும் இப்பெயர்கள் பொய்யாவதில்லை. 'நாணயக் கூடம்' என்று கல்லில் பொறித்துவிட்ட பிறகு நாணயங்களை வேறிடத்துக்கு மாற்றிய அருங்காட்சியகம், அந்தக் கல்லை ஒன்று மறைக்க வேண்டும், அல்லது ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பெயர்களை நீக்க வேண்டியதில்லை. அவை கூடத்தின் வாயிலில் மரியாதையோடு இருக்கட்டும். திசை காட்டும் பலகையில் மட்டும் அவை வர வேண்டாம்.

எண்கள் தாவுவது குறித்தும் சொல்ல வேண்டும். 11, 12, 15 என்று வரும்போது மக்கள் 13ஐயும் 14ஐயும் தேடுவார்கள்; எதையோ தவறவிட்டோம் என்ற எண்ணம் அவர்களை விடாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கூடங்களுக்கு மூன்று இலக்க எண்களைக் கொடுத்து, நூறுகளைத் துறைகளுக்குப் பிரித்துக்கொண்டது. எகிப்தியப் பகுதியிலுள்ள டெண்டூர் கோயில் 131ஆம் கூடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஓவியங்கள் 600களில் வருகின்றன, 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் 800களில் வருகின்றன. முதல் இலக்கமே இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவதால், இடையே சில எண்கள் இல்லாமற்போனாலும் யாரும் கலங்குவதில்லை. நாளை ஒரு கூடம் இரண்டாகப் பிரிந்தால் அதற்கும் எண் மிச்சமிருக்கும். உங்கள் கட்டடத்துக்கும் முதல் இலக்கம் பகுதியையும், இரண்டாவது தளத்தையும், மூன்றாவது கூடத்தையும் குறிக்குமாறு அமைக்கலாம். ஒரு தளத்தில் பத்துக்கு மேற்பட்ட கூடங்கள் இருந்தால் மட்டும் நான்காம் இலக்கம் தேவைப்படும்.

தளங்களின் சிக்கலைப் பலகையால் மட்டும் தீர்க்க முடியாது. மூன்று பகுதிகளுக்கும் பொதுவான ஒரே தள வரிசையை வகுத்து, பிரதான நுழைவாயில் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். இடையில் சில படிகள் இறங்கினாலும் தள எண் மாறக் கூடாது. எண் மாறினால், தாம் வேறு தளத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்பி மக்கள் மீண்டும் மேலே ஏறுவார்கள். அந்த இடைப்படிகளைத் தனியே, சக்கர நாற்காலியில் வருவோருக்கான மாற்று வழியோடு சேர்த்துக் குறியுங்கள்.

வரிசையைக் கட்டடம்தான் தீர்மானிக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2003இல் பிரதான கட்டடத்தை மூடி, 2013 ஏப்ரலில் மீண்டும் திறந்தது. அங்கே காட்சிகள் நூற்றாண்டு வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் தளவரிசையில் ஏறிச் சென்றால் காலவரிசை அமையாது. 17ஆம் நூற்றாண்டு இரண்டாம் தளத்திலும், 18, 19ஆம் நூற்றாண்டுகள் அதற்குக் கீழே முதல் தளத்திலும் இருக்கின்றன. 1885இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில், ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்துக்கென்றே மேல்தளத்தில் ஒரு கூடம் அமைக்கப்பட்டிருந்தது. அதை நகர்த்துவதைவிடக் காலவரிசை கலைவதை ஏற்பது மேல் என்று முடிவு செய்தார்கள். இது சரியான முடிவு என்பதே என் கருத்து. இத்தகைய இடங்களில் பலகைகள் தளத்தையும் நூற்றாண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்குமாறு விட்டால் ஊகம் தவறிப்போகும்.

பலகை எங்கே வேண்டும் என்பதை அறிய, வரைபடத்தில் தெரிவுப் புள்ளிகளைக் குறியுங்கள். அதாவது ஒருவர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழிகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய இடங்கள். அங்கே பலகை கட்டாயம் வேண்டும். நேரான நீண்ட நடைக்கூடத்தில், 'நீங்கள் சரியான வழியில்தான் செல்கிறீர்கள்' என்று உறுதிப்படுத்தும் சிறிய குறி ஒன்று போதும். மற்ற இடங்களில் சுவரைச் சுவராகவே விட்டுவிடுங்கள். நகர அமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் நகரங்களைப் பற்றி 1960இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தம் மனத்தில் இடத்தைப் பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்ற ஐந்தாக வகுத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். பழைய மாளிகையில் இந்த ஐந்தும் ஏற்கெனவே இருக்கும்: பெரிய படிக்கட்டு, நடுமுற்றம், வண்ணக் கண்ணாடிச் சாளரம் போன்றவை. 'முற்றத்தைத் தாண்டி இடப்புறம்' என்று கட்டடத்தின் உறுப்பைச் சொல்லி வழிகாட்டினால், நடப்பவரின் கண் கட்டடத்தைப் பார்க்கிறது. அருங்காட்சியகத்தில் கட்டடமும் ஒரு காட்சிப்பொருள் என்பதால் இதற்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருகிறேன்.

இன்னொன்று. உளவியலாளர் ஆர்தர் மெல்டன் 1930களில் அருங்காட்சியகக் கூடங்களில் செய்த ஆய்வுகள், உள்ளே நுழைந்தவர்களில் பெரும்பாலோர் வலப்புறம் திரும்பியதைப் பதிவு செய்தன. உங்கள் காட்சிவரிசை இடப்புறத்தில் தொடங்கினால், ஓர் அம்புக்குறி மட்டும் அதை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடப்புறத்தில் கண்ணை ஈர்க்கும் பெரிய பொருளோ வெளிச்சமோ வைக்க வேண்டியிருக்கும்.

சுண்ணச்சாந்து

நான் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புப் பணியில் இருப்பவள். திசைமானி அவர்கள் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. சுவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், பழைய நினைவுச்சின்னத்தில் புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்து நிற்க வேண்டும், அதே நேரத்தில் மூலத்திலிருந்து வேறுபட்டது என்று தெரியவும் வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. 1979இல் ஆஸ்திரேலியாவில் ஏற்கப்பட்ட பர்ரா சாசனத்தின் வழிவந்த நடைமுறை, மரபு மதிப்பைக் குறைக்கும் மாற்றம் எதுவும் பின்னர் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வழிகாட்டு பலகைக்கு இவ்விரண்டும் நேரடியாகப் பொருந்தும். பழைய செப்புப் பலகையைப் போலப் போலிப் பாசி பூசிப் புதிய பலகை செய்யாதீர்கள். அது பழையது என்று எண்ணி எதிர்கால ஆய்வாளர் ஏமாறுவார். இன்றைய பொருளில், இன்றைய எழுத்தில், அடக்கமாகச் செய்யுங்கள். கழற்றினால் சுவர் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

இதனால் முதல் தெரிவு எப்போதும் தரையில் தானாக நிற்கும் பலகைதான். அடித்தட்டு கனமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். குழந்தை பிடித்து இழுத்தாலும் சாயக் கூடாது. அதன் அடியில் மென்மையான பட்டை ஒட்டினால் பழைய தரைக்கல் கீறாது. ஆனால் ஒட்டும் பொருளிலிருந்து எண்ணெய் கசிந்து பளிங்கில் கறை படிவதுண்டு, ஆகவே முன்கூட்டி ஒரு மறைவான கல்லில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது தெரிவு, ஏற்கெனவே உள்ள கம்பிகள், விளக்குத் தண்டுகள், கைப்பிடிகள் போன்றவற்றில் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. சுவரில் பொருத்தியே ஆக வேண்டும் என்றால் மட்டும், கல்லில் துளையிடாமல் கற்களுக்கு இடையேயுள்ள சுண்ணாம்புக் காரை இணைப்பில் துளையிடுங்கள். காரையை மீண்டும் நிரப்பலாம், கல்லை நிரப்ப முடியாது. திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருவாகும்போது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கல்லையே பிளந்துவிடும். பழைய கட்டடங்களின் கல் விளிம்புகள் உடைந்து கிடப்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். சுண்ணாம்புப் பூச்சின்மீது ஒட்டுப்படலங்களை ஒட்டவே வேண்டாம், உரிக்கும்போது பூச்சும் கூடவே வந்துவிடும்.

வடிவமைப்பாளர்கள் பலர் கவனிக்காத ஒன்று, பலகை செய்யும் பொருளிலிருந்து வெளியேறும் ஆவி. நடைக்கூடத்தில் இருக்கும் பலகைக்கு இது பெரிய கவலை அல்ல. ஆனால் காட்சிப்பெட்டிக்குள் வைக்கும் எண் வில்லை, தலைப்புச் சட்டம் போன்றவை மூடிய காற்றில் ஆண்டுக்கணக்கில் இருப்பவை. மர நார்ப்பலகையும் சில வகைப் பசைகளும் ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் போன்றவற்றை வெளியிடும். அவை ஈயப் பொருள்களை அரிக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1970களில் உருவாக்கிய சோதனை இதற்காகவே பயன்படுகிறது: சோதிக்க வேண்டிய பொருளை வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிது நீரோடும் மூடிய குடுவையில் இட்டு, 60 டிகிரி செல்சியஸில் 28 நாட்கள் வைத்துத் தகடுகள் அரித்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பொருளைத் தேர்ந்தபின் முடிவுக்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் கால அட்டவணையில் இதற்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

ஒளியும் உங்கள் கையில் இல்லை. துணி, தாள், நீர்வண்ண ஓவியம் ஆகியவை உள்ள கூடங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவையே பொதுவாக மேல்வரம்பாகக் கொள்கிறார்கள், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ். வெளிச்சமான அலுவலகத்தில் நன்றாகத் தெரிந்த சாம்பல்நிற எழுத்து 50 லக்ஸ் கூடத்தில் மறைந்துபோகும். பலகைக்கு உள்ளிருந்து விளக்கிட்டால் அதன் ஒளி துணியின்மீது விழும். அதோடு, இருளுக்குப் பழகிய கண் அந்தப் பலகையைப் பார்த்துக் கூசிவிடும். ஆகவே மங்கலான கூடங்களுக்கு ஒளிராத, பளபளப்பற்ற பரப்பும், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே வலுவான வேறுபாடும் தேவை.

எழுத்தச்சு

எழுத்துருவைப் பற்றி எழுதுகிறேன். இலச்சினையின் எழுத்தே பலகையின் எழுத்தாகவும் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தும். அதற்கு நீங்கள் சம்மதிக்கும் முன் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுங்கள். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு ஆலன் ஃபிளெட்சர் 1989இல் வரைந்த இலச்சினை, போடோனி எழுத்துருவில் அமைந்தது. அதில் 'ஏ' (A) எழுத்தின் இடக்கால் இல்லை, இடையே நிற்கும் உம்மைக் குறியே (&) அதன் குறுக்குக் கோட்டை நிறைவு செய்கிறது. இலச்சினை வேலைகளில் நான் மிகவும் போற்றுவது இது. ஆனால் போடோனியின் அழகு தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாட்டில் இருக்கிறது. அதே மெல்லிய கோடுகள் தொலைவிலும் மங்கிய ஒளியிலும் காணாமற்போகின்றன. சுண்ணச்சாந்து அம்மா சொன்ன 50 லக்ஸ் கூடத்தில் அத்தகைய எழுத்தில் 'வெளியேறும் வழி' என்று எழுதினால் வயதானவர்களால் படிக்க முடியாது.

மறுபுறத்தில், ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையப் பலகைகளுக்காக வரைந்து, 1976இல் பொது எழுத்துருவாக வெளிவந்த வடிவத்தைப் பாருங்கள். சாய்வான கோணத்திலிருந்து பார்த்தாலும் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மயங்காதவாறு, உள்வெளிகளைத் திறந்து அமைத்திருக்கிறார். அடையாளத்துக்கு ஓர் எழுத்தும் வழிகாட்டலுக்கு ஓர் எழுத்துமாக இரண்டு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று தோன்றுமாறு விகிதங்களில் உறவு இருந்தால் போதும். ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்காக இர்மா போம் செய்த அடையாளத்தில் எழுத்து, நிறம், இடைவெளி ஆகியவை தவிர வேறு ஒன்றும் இல்லை. பழைமையைக் காட்டக் கோபுரத்தையோ தூணையோ வரைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இனி தமிழும் ரோமனும். இரண்டையும் ஒரே புள்ளியளவில் அமைத்தால் அவை சமமாகத் தெரியமாட்டா. ரோமன் எழுத்தில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற உயர வேறுபாடு சொல்லுக்கு ஒரு புறவடிவத்தைத் தருகிறது. தமிழில் பேரெழுத்து இல்லை. இகரக் கொக்கியும் புள்ளியும் மேலே செல்கின்றன, உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன, ணகர னகரச் சுழிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. எனவே தமிழ் வரிகளுக்கு இடையே கூடுதல் வெளி தேவை. கோட்டின் தடிமனைக் கணினி காட்டும் எண்ணைக் கொண்டு ஒப்பிடாமல், அச்சிட்டுச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று கண்ணால் ஒப்பிடுங்கள். மிகத் தடித்த வகையைத் தேர்ந்தால் சுழிகள் அடைபட்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும், ஆகவே நடுத்தரத் தடிமனே நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமாக வரும் என்பதால் பலகையின் அகலத்தைத் தமிழுக்கு அளந்து தீர்மானித்துவிட்டு, அதில் ரோமனை அமைக்க வேண்டும். எதிர்வரிசையில் செய்தால், பெரும்பாலும் கடைசியில் தமிழை அகலத்தில் நசுக்கிப் பொருத்துகிறார்கள். எழுத்தை நேசிக்கும் எவருக்கும் அது வேதனை தரும் காட்சி.

ரோமன் பேரெழுத்து அளவுக்குப் பரவலாக வழங்கும் ஒரு கைக்கணக்கு, 25 மில்லிமீட்டர் உயரம் ஏறத்தாழ 7.5 முதல் 10 மீட்டர் தொலைவுக்குப் போதும் என்பது. அது நல்ல ஒளிக்கும் நல்ல பார்வைக்கும் உரியது. உங்கள் கூடங்களுக்கு நெருக்கமான தொலைவையே கணக்கில் கொள்ளுங்கள், தமிழுக்கு அதற்கும் மேல் சற்றுக் கூட்டுங்கள். விரலால் தடவிப் படிக்கும் எழுத்துக்கு அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் நெறிகள் தெளிவான அளவுகளைத் தருகின்றன: குறைந்தது 0.8 மில்லிமீட்டர் மேடு, தரையிலிருந்து 1,220 முதல் 1,525 மில்லிமீட்டருக்குள் எழுத்துகளின் அடிக்கோடு. உங்கள் இடத்துக்கு வேறு விதி இருந்தால் அதுவே முதன்மை. இல்லையென்றால் இந்த அளவுகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டோவியம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிர்வாகத்திடம் எடுத்துச் செல்லத் தேவையான வாதம் இப்போது கிடைத்துவிட்டது. நிறம் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. மூன்று பகுதிகளுக்கும் செம்மண் நிறம், இலைப்பச்சை, மஞ்சள் என்று வைத்துக்கொண்டால், எழுத்தைப் படிக்காமலே மக்கள் தம் இடத்தை அறிவார்கள் என்று குழுவில் சிலர் நம்புகிறார்கள். கழிப்பறை, மின்தூக்கி போன்றவற்றுக்கான குறிப்படங்களையும் கட்டடத்தின் காலத்துக்கு ஏற்ற உடையணிந்த உருவங்களாக வரையலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது.

திசைமானி

நிறத்தைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே சார்ந்திருக்காதீர்கள். ஐரோப்பிய வழியினரில் செய்யப்பட்ட கணக்கெடுப்புகளின்படி, ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. செம்மண் நிறமும் இலைப்பச்சையும் அவர்களுக்கு ஒரே பழுப்பாகத் தோன்றக்கூடும். எனவே நிறம் இருக்கும் இடத்தில் எல்லாம் பகுதியின் பெயரோ எண்ணோ கூடவே இருக்க வேண்டும். அத்துடன், பச்சையை அவசர வெளியேற்றத்துக்கென்று பாதுகாப்புக் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 7010 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒதுக்கியிருக்கிறது. தீயணைப்புக் கருவிகளுக்குச் சிவப்பு. பகுதியின் நிறமாகப் பச்சையை வைத்தால், புகை சூழ்ந்த நேரத்தில் ஒருவர் 'பச்சைப் பகுதி'யை நோக்கி ஓடும் நிலை வரலாம். இவ்விரு நிறங்களையும் அடையாளத்திலிருந்தே விலக்கிவிடுவது என் உறுதியான பரிந்துரை.

குறிப்படங்களை அழகுபடுத்த வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974இல் 34 குறிப்படங்கள் வெளியிடப்பட்டன, 1979இல் அவை 50ஆகப் பெருகின. யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியவை என்பதால் அவை உலகெங்கும் பழகிவிட்டன. ஐஎஸ்ஓ 7001 தரநிலையிலும் பொதுக் குறிகள் தொகுக்கப்பட்டுள்ளன. அவசரமாகக் கழிப்பறையைத் தேடுபவருக்குப் பழகிய உருவம்தான் உதவும். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த உருவத்தைப் பார்த்தால் அது உடைகளின் காட்சிக்கூடம் என்று எண்ணிக் கடந்துபோவார். காலத்துக்கேற்ற வரைகலையை நுழைவுச்சீட்டிலும் சுவரொட்டியிலும் நினைவுப்பொருளிலும் வேண்டிய மட்டும் செய்யுங்கள், அங்கே அதற்கு முழு உரிமை உண்டு.

வரைபடத்தைப் பற்றி முன்பு சொல்ல விட்டுவிட்டேன். சுவரில் நிறுத்தும் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' வரைபடம், பார்ப்பவர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறாரோ அத்திசையே மேற்புறமாக வருமாறு திருப்பி அமைக்கப்பட வேண்டும். வடக்கையே எப்போதும் மேலே வைத்தால், தெற்கு நோக்கி நிற்பவருக்கு வலம் இடமாகிவிடும். மார்வின் லெவின் 1982இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய வரைபடங்கள் மக்களை எதிர்த்திசையில் அனுப்புவதைக் காட்டியது. இதன் பொருள், ஒரே வரைபடத்தை அச்சிட்டு எல்லா இடத்திலும் மாட்ட முடியாது என்பதுதான். செலவு சற்றுக் கூடும், ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அம்புக்குறிகளில் 'நேராக' என்பதற்கு மேல்நோக்கிய அம்பையே கட்டடம் முழுவதும் பயன்படுத்துங்கள். மேல்தளத்துக்குச் செல்லப் படிக்கட்டின் உருவத்தையும் தள எண்ணையும் சேர்த்தால் குழப்பம் வராது.

கூடக்காவல்

பார்வையாளர் சேவைப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். பலகைகளைச் செய்யக் கொடுக்கும் முன் கூடங்களில் நிற்கும் காவலர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தம்மிடம் கேட்கப்படும் ஒவ்வொரு வழிக் கேள்வியையும், அது எந்த இடத்தில் கேட்கப்பட்டது என்பதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரே கேள்வி ஒரே வாசலில் மீண்டும் மீண்டும் வந்தால், திசைமானி ஐயா சொன்ன தெரிவுப் புள்ளி அங்கேதான் இருக்கிறது. கட்டட வரைபடத்தில் அது தெரியாமற்போயிருக்கலாம், ஏனெனில் திறந்தே இருக்கும் ஒரு கதவு, வரைபடத்தில் இல்லாத ஒரு தற்காலிகத் தடுப்பு, எதிர்க்கூடத்தின் வெளிச்சம் ஆகியவை மக்களை வேறு பக்கம் இழுக்கின்றன.

அதன்பின் எல்லாப் பலகைகளையும் முழு அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, தாங்கிகளில் நிறுத்திப் பாருங்கள். சுவரைத் தொடவே வேண்டியதில்லை. இடத்தை முன்பின் அறியாத சிலரை அழைத்து, ஒரு குறிப்பிட்ட பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லி, பேசாமல் பின்தொடருங்கள். அவர்கள் நின்ற இடங்கள், திரும்பிப் பார்த்த இடங்கள், தவறாகத் திரும்பிய இடங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். அழைக்கப்படுவோரில் சக்கர நாற்காலியில் வருவோரும், பார்வை குறைந்தோரும், தமிழ் மட்டும் படிப்போரும், தமிழ் படிக்கத் தெரியாதோரும் இருக்க வேண்டும். காகிதப் பலகையை மாற்றுவது எளிது, பொறித்த எஃகை மாற்ற நிர்வாகம் சம்மதிக்காது.

கூடங்கள் மூடப்படுவதும் பொருள்கள் கடனாக வெளியே செல்வதும் ஓயாமல் நடப்பவை. ஒவ்வொரு திசைப்பலகையையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு வரியை மட்டும் கழற்றி மாற்றுமாறு செய்யுங்கள். 'இக்கூடம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்ற பட்டையையும் அதே எழுத்துருவில், அதே பொருளில் முன்கூட்டியே செய்து கையிருப்பில் வையுங்கள். அது இல்லாதபோதுதான் ஊழியர்கள் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டுநாடாவால் கதவில் ஒட்டுகிறார்கள். அது நாளடைவில் பத்து, இருபது தாள்களாகப் பெருகி, புதிய அடையாளம் முழுவதையும் மறைத்துவிடுகிறது. இதற்கு ஊழியர்களைக் குறைசொல்லக் கூடாது. அவசரத்துக்கு உரிய கருவியை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. சேவை மேசையில் உள்ள கணினியில் தாங்களே நிரப்பி அச்சிடத்தக்க ஒரு வார்ப்புருவும், தாளைச் செருகும் சட்டங்களும் கொடுத்துவிட்டால் ஒட்டுநாடாவுக்குத் தேவையே இருக்காது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நிறங்களின் குறியீடுகள், எழுத்துருவின் உரிமம், அளவுகள், பொருத்தும் முறை, பட்டைகளின் வரைகோப்புகள் ஆகிய அனைத்தும் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். யார் பொறுப்பில் அவை இருக்கும் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் பதவியின் பெயரால் எழுதுங்கள், அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எழுத்துருவின் உரிமத்தில் பலகைப் பயன்பாடு அடங்குமா என்பதையும், தமிழ் எழுத்துருவுக்குத் தனி உரிமம் தேவையா என்பதையும் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.